நூற்றில் எட்டு

தன் பெட்டியைக் கழற்ற வந்தவளுக்குக் கஸ்பார் வாஸ் டீ வாங்கிக் கொடுத்தான். தூத்துக்குடிப் படகுத் துறையில் அதைப் பார்த்த நாலு பேர், ஆள் திருந்திவிட்டான் என்று நினைத்தார்கள். கஸ்பாரைத் தெரிந்தவர்களுக்குத்தான் விஷயம் புரியும். கோபம் வந்தால் அவன் கத்தமாட்டான், மரியாதை கூடிப்போகும். "சர்க்கரை போதுமா மேடம்?" என்று அவன் இரண்டாம் தரம் கேட்டபோதே, கயிறு சுருட்டிக்கொண்டிருந்த படகோட்டி கித்தேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

வந்தவள் பெயர் மதிவதனி. கோயம்புத்தூரில் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் மூத்த பொறியாளர். கஸ்பாரைவிட மூன்று வயது சின்னவள், முப்பத்தைந்து. அவள் கொண்டுவந்திருந்தது ஒரு தானியங்கி. டிபன் கேரியர் உயரத்தில் மூடிய எஃகுப் பெட்டி, முகப்பில் ஒரே ஒரு விளக்கு. பச்சை எரிந்தால் எல்லாம் நலம், சிவப்பு எரிந்தால் நலமில்லை. ஐந்து வருடமாகக் கஸ்பார் அளவு முள்ளைப் பார்த்துத் திருகைத் திருப்பிச் செய்துவந்த வேலையை இனிமேல் அது செய்யும். கஸ்பார் பக்கத்தில் உட்கார்ந்து பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். சம்பளம் குறையாது என்று அவள் சொன்னபோது, கஸ்பார் அவளுக்கு ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தான்.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இது இரண்டாயிரத்து அறுபத்தெட்டாம் வருடத்துக் கதை. கரைக்கு எதிரே முழுகிப்போன தீவுகளைச் சுற்றி அப்போது பவளம் நட்டுக்கொண்டிருந்தார்கள். நெல் நாற்று நடுகிற மாதிரிதான், ஆனால் பன்னிரண்டு பாகம் ஆழத்தில், ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் குனிந்தபடி. எழுபது அடித் தண்ணீருக்குக் கீழே அத்தனை நேரம் மனுஷன் எப்படி இருப்பான்? அதற்காக வந்ததுதான் செவுள். விலா எலும்புக்குக் கீழே வைத்துத் தைத்துவிடுகிற, உள்ளங்கை அளவுக் கருவி. கடல் தண்ணீரிலிருந்து பிராணவாயுவைப் பிரித்து நேராக ரத்தத்தில் சேர்க்கும். அது வந்த பிறகு காற்றுச் சிலிண்டர்கள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன.

செவுளுக்கு மின்சாரம் மட்டும் வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். படகிலிருந்து நூற்றிருபது மீட்டர் கேபிள் கடலடிக்கு இறங்கும். அதன் முனையில் முக்காலி மேல் ஒரு தட்டு நிற்கும். வருகிற மின்சாரத்தைத் தட்டு காதுக்கு எட்டாத மீயொலியாக மாற்றித் தண்ணீரில் விடும். செவுள் அந்த ஒலியை வாங்கி மறுபடி மின்சாரமாக்கிக்கொள்ளும். ஆகப் படகில் உட்கார்ந்திருப்பவன் கையில்தான் கீழே இருப்பவன் மூச்சு.

கீழே இருப்பவன் தார்சிஸ். கஸ்பாரின் தங்கை எஸ்கலினுடைய புருஷன்.

இதில் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்தக் கரையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முத்துக்கும் சங்குக்கும் குதித்த காலத்திலேயே, மேலே கயிறு பிடிப்பவன் குதிப்பவனுக்கு மச்சானாக இருக்கவேண்டும் என்பார்கள். கூடப்பிறந்தவனை நம்ப முடியாது, சொத்தில் பங்கு மிச்சம் என்று கயிற்றை விட்டாலும் விடுவான். மனைவியோடு பிறந்தவன் விடமாட்டான். தங்கச்சி வெள்ளைச்சேலை கட்டுவதை எவன் பார்ப்பான்? கயிறு போய்க் கேபிள் வந்தும் செவுள்காரர்கள் இந்த வழக்கத்தை விடவில்லை. தார்சிஸும் கஸ்பார்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

சிக்கல் என்னவென்றால், எஸ்கலின் இரண்டு வருடமாகக் கஸ்பார் வீட்டில் இருந்தாள். பிரிவு கேட்டு மனுவும் போட்டாயிற்று, அடுத்த மாதம் விசாரணை. அது முடிந்துவிட்டால் நீர் யாருக்கு மச்சான் என்று துறையில் கேலி பேசினார்கள். குடிக்கிறானா, அடிக்கிறானா, வேறு எவளாவது உண்டா என்று வீட்டுப் பெண்கள் எஸ்கலினைத் துளைத்துப் பார்த்தார்கள். எதுவும் இல்லை. "அந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வரலை" என்பதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தூக்கம் வராததற்கெல்லாம் புருஷனை விடுவார்களா என்று கஸ்பாரே எரிந்து விழுந்திருக்கிறான்.

திங்கட்கிழமை படகு வெளியே போனது. பழைய பெட்டியை மதிவதனி கழற்றினாள். மரச்சட்டம், உள்ளே செம்புக் கம்பிச் சுருள், சுருளில் ஆங்காங்கே வெளியே இழுத்துவிட்ட முனைகள், மேலே கண்ணாடிக்குள் ஒரு முள். எல்லாம் கஸ்பார் கையால் சுற்றியது. அதை ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஒட்டினாள். பிறகுதான் பேச்சு வந்தது.

"கேபிளோட மின்மறுப்பு வேற, தட்டோடது வேறங்ணா. குடத்துல இருந்து பாட்டிலுக்குத் தண்ணி ஊத்தற மாதிரி வச்சுக்கங்க. நடுவுல இருக்கற உங்க சுருள்தான் புனல். புனல் பாட்டில் வாயில சரியா உக்காரலீன்னா சிந்தும், சிந்துனது படகுக்கே திரும்பி வரும். உங்க படகுல நூத்துக்கு எட்டு திரும்பி வருது. அஞ்சு வருஷக் கணக்கும் பாத்தேன். ஒரு நாள் ஏழு, ஒரு நாள் ஒம்போதுன்னு இல்ல, எப்பவும் எட்டு. கை தவறி இப்படி வராது. வேணும்னே வச்சிருக்கீங்க."

வேண்டுமென்றேதான், என்றான் கஸ்பார். அந்த முள் காட்டுவது திரும்பி வருவதைத்தான். கீழே தார்சிஸ் ஒரு மூச்சு இழுத்தால் செவுள் ஒரு வாய் கூடக் குடிக்கும். அந்த இழுப்பு தட்டுக்குத் தெரியும், கேபிளுக்குத் தெரியும், மேலே முள்ளும் ஒரு துளி அசையும். சுத்தமாகப் பொருத்திவிட்டால் எதுவும் திரும்பாது. முள்ளும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"எட்டு சிந்துனாத்தான் எனக்கு அவரு மூச்சு தெரியும் மேடம்."

போன வருடம் வேறொரு துறைமுகத்தில் நடந்ததை மதிவதனி சொன்னாள். அங்கேயும் ஒருவர் முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மத்தியான வெயிலில் கண் அசந்துவிட்டார். கீழே இருந்தவருக்கு இருபத்தாறு வயது. கம்பெனி சார்பில் அந்த வீட்டுக்குப் போய் நின்றது அவள்தான். திரும்பி வந்து பதினோரு மாதம் உட்கார்ந்து, கண் அசராத ஒன்றைச் செய்தாள். கூடுதலாகக் கிடைக்கும் அந்த எட்டில் இன்னும் இரண்டு பாகம் ஆழத்துக்குப் போகலாம், தெற்குச் சரிவு முழுக்கப் பவளம் நடலாம் என்றாள்.

நியாயம் அவள் பக்கம் இருந்தது, அதுதான் கஸ்பாருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. முறுக்கிக்கொண்டு போய்ப் படகின் பின்பக்கம் உட்கார்ந்தான்.

அந்த முறுக்கில் அவன் ஒன்றைச் செய்யாமல் விட்டான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விசைப்படகின் நங்கூரம் கேபிளை அறுத்துவிட்டது. புதுக் கேபிள் கேட்டு மூன்று தரம் எழுதிப் போட்டான், வரவில்லை. தொழில் நிற்கக்கூடாதே என்று தானே ஒட்டுப்போட்டான். ஒட்டுப்போட்ட இடம் கடலுக்குள் கிடப்பது. குங்கிலியப் பிசின் காய்ச்சி ஊற்றி, மேலே ரப்பர் நாடா சுற்றி, வாரத்துக்கு வாரம் அதைப் புதுப்பிப்பான். ஒவ்வொரு திங்கட்கிழமையும், தவறாமல். ஒட்டு இருப்பது கம்பெனிக்குத் தெரியாது. இந்தத் திங்கட்கிழமை குங்கிலியச் சட்டியை அடுப்பில் வைக்கப் போனவன், எல்லாம் தானே செய்யும் பெட்டி வந்திருக்கிறதே, இதையும் செய்துகொள்ளட்டும் என்று சட்டியைத் திருப்பி உள்ளே வைத்துவிட்டான்.

திங்களும் செவ்வாயும் பச்சை எரிந்தது. தார்சிஸ் மேலே வந்து, இதுவரை இல்லாத மாதிரி உடம்பு லேசாக இருக்கிறது என்றான். மதிவதனிக்கு முகம் மலர்ந்தது. கஸ்பார் வேலையில்லாமல் தானியங்கி மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருந்த இடத்தில் கைக்கு ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே ஒரு சின்ன மோட்டார், நாலைந்து வினாடிக்கு ஒருமுறை டிக் என்று நூலளவு திரும்பியது. தார்சிஸ் மூச்சு இழுக்கும்போது பொருத்தம் நூலளவு விலகும். தானியங்கி அதை உடனே சரிசெய்யும். அந்தச் சரிசெய்தல்தான் டிக். முள் போனால் என்ன, இது இருக்கிறதே என்று கஸ்பாருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஆனால் அதை மதிவதனியிடம் சொல்லவில்லை. ரோசம்.

பழைய பெட்டியை இறக்கிக் கொடுங்கள் என்று அவள் இரண்டு நாளும் கேட்டாள். நாளைக்கு மேடம், நாளைக்கு மேடம் என்று அவன் கடத்திக்கொண்டே வந்தான்.

புதன்கிழமை காலை பதினொன்றே கால் இருக்கும். கித்தேரி கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். கஸ்பார் டீ குடிக்க எழுந்து போய்விட்டு வந்து, வழக்கம்போலத் தானியங்கி மேல் கையை வைத்தான். டிக் இல்லை. பத்து வரை எண்ணினான். இருபது வரை எண்ணினான். பெட்டி கல் மாதிரி இருந்தது. விளக்கு பச்சையாக எரிந்தது.

"பாத்தீங்களா, இன்னைக்கு எவ்வளவு அமைதியா செட்டாயிருச்சுன்னு" என்றாள் மதிவதனி.

"மேடம், இது மூச்சு விடல."

அவள் சிரிக்கப்போனாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கையிலிருந்த பலகைத் திரையில் கணக்கைப் புரட்டினாள். அனுப்பும் சக்தி முழுசாகப் போகிறது, திரும்பி வருவது பூஜ்யம். இதைவிட நல்ல பொருத்தம் கிடையாது. கடைசியாக மோட்டார் திரும்பியது பதினொன்று ஒன்பதுக்கு. இப்போது மணி பதினொன்று பதினாறு. ஏழு நிமிடமாகத் தட்டில் எந்த அசைவும் இல்லை.

"எல்லாம் போகுது," என்றாள் மெதுவாக. "ஒண்ணும் திரும்பல. அப்ப எங்க போகுது?"

கஸ்பாருக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டுப்போட்ட இடத்தில் உப்புத்தண்ணீர் இறங்கிவிட்டது. அனுப்புவது அத்தனையையும் கடல் அங்கேயே குடித்துக்கொண்டிருக்கிறது. கடல் திருப்பித் தராது, முகம் சுளிக்காது, மூச்சும் விடாது. தானியங்கி பாவம், யார் வாங்குகிறார்கள் என்று பார்க்க அதற்குத் தெரியாது. யாரோ முழுசாக வாங்குகிறார்கள் என்ற திருப்தியில் பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

"கேபிள்ல ஒரு ஒட்டு இருக்கு மேடம். நான் போட்டது. திங்கக்கிழமை நான் அதைச் சுத்தல."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. செவுளில் பதினைந்து நிமிடச் சேமிப்பு உண்டு. அதில் எட்டுதான் மிச்சம். மேலே வா என்று கூப்பிடவும் வழி இல்லை, அந்தக் கூப்பாடும் இதே கேபிளில்தான் போகவேண்டும். அதைவிடக் கொடுமை, செவுள்காரனுக்கு மூச்சு முட்டாது. பிராணவாயு குறைந்தால் திணறல் வராது, தூக்கம்தான் வரும். நெஞ்சில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும். குனிந்து நடுகிறவன், கலங்கல் தண்ணீரில் அதை எங்கே பார்ப்பான்?

கஸ்பார் சட்டையைக் கழற்றினான். கித்தேரி குறுக்கே வந்து நின்றாள். "காது ஜவ்வு கிழிஞ்ச ஆளு நீரு. மூணு பாகம் தாண்டமாட்டீரு. அப்புறம் ரெண்டு பேரைத் தேடணும். வேற வழி பாரும்வே" என்றாள். அடுத்த படகு வந்து சேர ஒரு மணி நேரமாகும்.

வேறு வழி ஒன்று இருந்தது. துறைமுகத்தில் சோதனை செய்ய வைத்திருந்த உபரித் தட்டும் நாற்பது மீட்டர் கேபிளும் படகின் அறைக்குள் கிடந்தன. நாற்பது மீட்டர் எட்டவேண்டுமானால் படகு நேரே தார்சிஸ் தலைக்கு மேலே போகவேண்டும். பவளத் தோட்டத்துக்கு மேல் படகு போகக்கூடாது என்று சட்டம். கித்தேரி சட்டத்தைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. நங்கூரக் கயிற்றை அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டிவிட்டுப் படகைத் திருப்பினாள். தார்சிஸ் நடும் இடத்தைக் காட்டும் மிதவைக்குப் பக்கத்தில் இயந்திரத்தை நிறுத்தினாள். கஸ்பார் தட்டை இறக்கினான். மதிவதனி கேபிளைத் தானியங்கியில் செருகினாள்.

சிவப்பு எரிந்தது. நூற்றிருபது மீட்டருக்குப் பழக்கிய பெட்டி அது. நாற்பது மீட்டர் கேபிள் அதற்கு ஊர் பேர் தெரியாத ஆள். இரண்டு தரம் முயற்சி பண்ணிவிட்டுத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது.

"பழசு!" என்றாள் மதிவதனி.

கஸ்பார் அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவைப் பல்லால் கிழித்தான். நல்லவேளை, இறக்கிக் கொடுக்கவில்லை. அவன் சுருள் நீளமான கேபிளுக்குச் சுற்றியது. இதற்கு எந்த முனையில் செருகவேண்டும் என்று கண்டுபிடிக்க வழக்கமாக ஒரு மத்தியானம் பிடிக்கும். மதிவதனி தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கேபிள் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, அது தேக்கும் மின்சாரமும் அந்த அளவு குறையும், தட்டு பழைய தட்டின் ஜாதிதான். உதட்டை அசைத்து அசைத்துப் போட்டாள். இரண்டு நிமிடம் ஆயிற்று. கஸ்பாருக்கு அது நாற்பது நாள் தவக்காலம் மாதிரி நீண்டது. எஸ்கலின் முகம் வந்து வந்து போனது.

"எட்டாவது முனைங்ணா. திருகை ரெண்டு சுத்து வெளிய எடுங்க."

எட்டாவது முனையில் செருகித் திருகை எடுத்தான். உச்சியில் துடித்த முள் சரசரவென்று இறங்கி அடியில் படுத்தது. பூஜ்யம். சரியாயிருச்சு என்று அவள் சொன்னாள், சொல்லும்போதே அவள் குரல் தயங்கியது. சற்று முன்பும் இதே பூஜ்யத்தைத்தான் பார்த்தார்கள்.

கஸ்பார் திருகை அரைச் சுற்று திருப்பினான். வேண்டுமென்றே கெடுத்தான். முள் ஏறி எட்டில் நின்றது.

அசையவில்லை.

மணி பதினொன்று இருபத்து நாலு, செவுளின் சேமிப்பு தீருகிற நேரம். கித்தேரி சிலுவை போட்டுக்கொண்டாள். கஸ்பார் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். அவன் வாழ்க்கையில் எதையும் அப்படி உற்றுப் பார்த்ததில்லை. என் ரோசத்துக்கு என் தங்கச்சி புருஷனைக் கொன்றுவிட்டேன் என்று ஒரு எண்ணம் வந்தது. படகு ஒரு அலைக்கு ஏறி இறங்கியது. முள் ஒரு மயிரிழை நகர்ந்தது. அலையாக இருக்கலாம். மறுபடி நகர்ந்தது, அப்போது அலை இல்லை. நீண்ட இடைவெளி விட்டு மூன்றாவது தரம், கொஞ்சம் பெரிதாக. பிறகு நாலாவது.

"குடிக்குதாரு," என்றான் கஸ்பார். "மேடம், குடிக்குதாரு."

மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டே, பொருத்தம் அடிமட்டத்தில் இருக்கும்போது சரிவு கிடையாது, அதனால் முள்ளுக்கு அசைய வழியில்லை, ஓரத்தில் நின்றால்தான் சரிவு, சரிவில்தான் தெரியும், இதை நான் படித்திருக்கிறேன், முதல் வருடத்திலேயே படித்திருக்கிறேன் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முள் ஒழுங்காக ஆடத் தொடங்கியதும் கஸ்பார் சக்தியை மூன்று தரம் நிறுத்தி நிறுத்தி விட்டான். மேலே வா என்பதற்கு அதுதான் அடையாளம். ஐந்து நிமிடம் கழித்து மிதவைக்குப் பக்கத்தில் தார்சிஸ் தலை தெரிந்தது. மூன்று பேரும் சேர்ந்து தூக்கிப் போட்டார்கள். உதடு நீலமாக இருந்தது. மல்லாந்து படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான்.

"ரொம்ப சந்தோசமா இருந்துச்சு மச்சான்," என்றான். "எஸ்கலின் பாய் விரிச்சுட்டு என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. போயிப் படுத்துருவோம்னு இருந்தேன். இப்ப நெனச்சாத்தான் பயமா இருக்கு."

கஸ்பார் அவன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். ஒட்டு, குங்கிலியம், திங்கட்கிழமை, ரோசம். ஒன்றையும் மறைக்கவில்லை. தார்சிஸ் பேச்சில் சிக்கனக்காரன்.

"அடுத்த திங்கக்கிழமை சுத்துவீரா?"

"சுத்துவேன் மாப்ள."

"அப்ப விடும்."

மதிவதனி கரைக்கு வரும்வரை எழுதிக்கொண்டே வந்தாள். தன் தானியங்கி யார் வாங்குகிறார்கள் என்று பார்க்கவில்லை என்று எழுதினாள். புதுக் கேபிள் கேட்டு மூன்று கடிதம் வந்தும் கம்பெனி அனுப்பவில்லை என்று எழுதினாள். ஒட்டைப் பற்றி ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கஸ்பாரைக் கேட்டாள். நீங்கள் கேட்கவில்லையே என்றான். நான் கேட்டிருக்கணும், அதையும் எழுதறேன் என்றாள். கஸ்பார் திங்கட்கிழமை சுற்றாததையும் எழுதச் சொன்னான். எழுதினாள். கடைசியில், தானியங்கி இருக்கட்டும், ஆனால் அது நூற்றில் எட்டைத் திரும்ப விடவேண்டும், அந்த எட்டை ஒரு ஆள் பார்க்கவேண்டும் என்று முடித்தாள். கஸ்பார் அன்றைக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். சர்க்கரையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் எஸ்கலின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஊரார் சொல்லித் தெரிவதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று வந்த கஸ்பார், நின்றபடியே சொல்லி முடித்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கையைக்கூடக் கழுவாமல் நின்றாள்.

"முள்ளு மறுபடி ஆடும்போது உனக்கு எப்படி இருந்துச்சுண்ணே?"

உயிர் வந்த மாதிரி இருந்தது என்றான்.

"எனக்கு அந்த முள்ளு இல்லயே" என்றாள்.

அப்புறம்தான் இரண்டு வருடத்துக் கதை வெளியே வந்தது. செவுள் வைத்த உடம்பு தரையிலும் அப்படித்தான். தூங்குகிற உடம்புக்கு அது காற்றிலிருந்து எடுத்துத் தருகிற பிராணவாயுவே போதும், நுரையீரலுக்கு வேலை கிடையாது. தூங்கும்போது தார்சிஸுக்கு நெஞ்சு ஏறி இறங்காது. மூச்சுச் சத்தம் கேட்காது. பக்கத்தில் படுத்திருப்பது புருஷனா பிணமா என்று தெரியாமல், மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்ப்பாள். சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கல்யாணமாகி அவனோடு இருந்த மூன்று வருடமும். எழுப்பிக் கேட்டால், நான் நல்லாத்தானே இருக்கேன், படு என்பான். இதைப் போய் யாரிடம் சொல்வது? சொன்னால் புருஷன் செத்ததாக நினைத்துப் பார்க்கிறவள் என்றல்லவா பேசுவார்கள். தூக்கம் வரவில்லை என்றாள். அதற்கே சிரித்தார்கள்.

கஸ்பார் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டான். பகலெல்லாம் முள்ளைப் பார்த்துக்கொண்டு அவன் நிம்மதியாக இருந்திருக்கிறான். அந்த முள் இன்னொருத்திக்கும் வேண்டியிருக்கும் என்று ஐந்து வருடத்தில் ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் மதிவதனியிடம் போய் விஷயத்தைச் சொன்னான். அவள் கோயம்புத்தூர் போகும் பயணத்தை நான்கு நாள் தள்ளிப்போட்டாள். செவுளுக்கு ராத்திரியில் சக்தி ஏற்றியாகவேண்டும். எப்படியும் ஏற்றப்போவதை ஒரு சின்னத் தட்டு வழியாக ஏற்றினால் என்ன? தட்டுக்குத் தண்ணீர் வேண்டும், ஆகவே வெந்நீர்ப் பை ஒன்றில் தண்ணீர் நிரப்பி அதற்குள் வைத்தார்கள். விலாவை ஒட்டிப் படுக்கையில் பை, அதிலிருந்து இரண்டு மீட்டர் கம்பி, எஸ்கலின் தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி, பெட்டியில் ஒரு முள். ஏற்றுவது வீட்டு மின்சாரம், முள்ளுக்கு மட்டும் பேட்டரி. சுருளை மதிவதனி சுற்றினாள். சுத்தமாகப் பொருத்துவது அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். எட்டு சிந்தவிடுவதற்குத்தான் மூன்று தரம் பிரித்துச் சுற்றவேண்டி வந்தது.

தார்சிஸ் அந்தச் சின்னப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கஸ்பார் வீட்டு வாசலில் வந்து நின்றான். என்ன பேசினான் என்று யாருக்கும் தெரியாது. அவன் என்னத்தைப் பேசியிருக்கப்போகிறான். அன்றைக்குச் சாயங்காலம் எஸ்கலின் தன் துணிப்பையை எடுத்துக்கொண்டாள். பார்ப்போம், ஒரு வாரம் என்று மட்டும் அண்ணனிடம் சொன்னாள்.

மூன்று வாரம் கஸ்பார் அந்தப் பக்கம் போகவில்லை. போனால் கண் பட்டுவிடும் என்று ஒரு பயம். நாலாவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஒரு கிலோ ஆட்டுக்கறியோடு போனான். எஸ்கலின் வாசலில் கோலமாவு விற்கிறவளோடு பேசிக்கொண்டிருந்தாள். தார்சிஸ் இன்னும் எழவில்லை என்றாள். கஸ்பார் உள்ளே எட்டிப் பார்த்தான். தார்சிஸ் மல்லாந்து கிடந்தான், நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. விலாவோரம் வெந்நீர்ப் பை இருந்தது. கஸ்பாரின் கண் தலைமாட்டுப் பெட்டிக்குப் போனது. முள் அடியில் படுத்துக்கிடந்தது. பத்து எண்ணினான். இருபது எண்ணினான்.

"எஸ்கலின்!"

அவன் போட்ட சத்தத்தில் தார்சிஸ் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. எஸ்கலின் ஓடிவந்து அண்ணன் முகத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேட்டரி அதுல இல்லண்ணே. போன வாரமே கழட்டிக் கொசு பேட்ல போட்டுட்டேன். முதல் பத்து நாள் பாத்துக்கிட்டே கிடந்தேன். அப்புறம் என்னைக்குப் பாக்காம தூங்குனேன்னு எனக்கே தெரியல."

"அவ தூங்குதா மச்சான்," என்றான் தார்சிஸ், கண்ணைக் கசக்கிக்கொண்டு. "நல்லாத் தூங்குதா. குறட்டை விடுதா பாரும், வல்லத்து இன்ஜின் மாதிரி. நான்தான் பத்து நாளாத் தூங்கல."

எஸ்கலின் அவன் தோளில் ஒன்று போட்டுவிட்டு, கறியை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.